டர்ட் பைக்கின் எடை: கேட்லாக் சொல்வதும் தராசு சொல்வதும்

"ஹோண்டாவின் 450 சிசி மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) பைக்கைவிட கேடிஎம்முடையது பல கிலோ இலேசு என்று கேட்லாக்கில் இருக்கிறதே, நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பாதி நிஜம். அமெரிக்காவில் ஹோண்டா போடுவது கெர்ப் வெயிட், அதாவது ஆயில், கூலன்ட் எல்லாம் ஊற்றி, டேங்க் நிறையப் பெட்ரோலோடு நிற்கும் வண்டியின் எடை. கேடிஎம் போடுவது பெட்ரோல் இல்லாத எடை. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 0.74 கிலோ. 7 லிட்டர் டேங்க் என்றால் 5 கிலோவுக்கு மேல் அங்கேயே போயிற்று. பழைய விளம்பரங்களில் வரும் டிரை வெயிட் இன்னும் மோசம். ஆயிலையும் கூலன்ட்டையும், சில சமயம் பேட்டரியையும்கூடக் கழித்துவிடுவார்கள்.

சாலை வண்டிகளுக்கு ஐரோப்பாவில் இதற்கு விதி உண்டு: டேங்கில் குறைந்தது 90 சதவீதம் எரிபொருளோடு எடை போட வேண்டும். பந்தயத்துக்கு மட்டுமே ஆன பைக்குகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. விளம்பரத்துறைக்குக் கொண்டாட்டம்!

சரி, நாமே எடை போடலாம் என்றால், எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் அங்கேதான். ஒரே ஒரு தராசு இருக்கிறது. முன்சக்கரத்தை அதில் ஏற்றிக் குறித்துக்கொள்கிறோம், அப்புறம் பின்சக்கரத்தை ஏற்றிக் குறித்து, இரண்டையும் கூட்டுகிறோம். கூட்டல் சரி, விடை தப்பு. தராசு 5 செ.மீ. உயரம் என்று வையுங்கள். முன்சக்கரம் அதில் ஏறியதும் வண்டி பின்னோக்கிச் சாய்கிறது. ஈர்ப்பு மையம் சக்கர அச்சுகளுக்கு மேலே இருப்பதால், அதுவும் கொஞ்சம் பின்னால் நகர்கிறது. முன்பக்கச் சுமை குறைகிறது. பின்சக்கரத்தை ஏற்றும்போது இதே கதை திருப்பி நடக்கிறது. ஆக, தராசில் எந்தச் சக்கரம் இருக்கிறதோ அதுதான் ஒவ்வொரு முறையும் குறைத்துக் காட்டும். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் சேர்ந்துகொள்கின்றன.

எவ்வளவு? ஈர்ப்பு மையம் அச்சுகளுக்கு 20 செ.மீ. மேலே, அச்சுகளுக்கு இடையே 148 செ.மீ., வண்டி 110 கிலோ என்று வைத்தால், மையம் நகர்வது வெறும் 7 மி.மீ. அதற்கே ஒரு பக்கம் அரை கிலோ, மொத்தத்தில் ஒரு கிலோ காணாமல் போகும். சில நூறு கிராம் குறைக்க டைட்டானியம் போல்ட்டுக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு இன்னொரு தராசு வாங்கலாம்.

தராசு ஒன்றுதான் என்றால் மற்றச் சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள், வண்டி மட்டமாக நிற்கும். பிரேக்கைப் பிடிக்காதீர்கள். வண்டி விழாமல் ஹேண்டில்பாரைப் பிடிப்பவர் பக்கவாட்டில் மட்டும் தாங்கினால் போதும். கொஞ்சம் அழுத்தினாலும் தூக்கினாலும் அதையும் தராசு கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.