‘இயேசு என்னையும் வெள்ளையாக்குவாரா, டீச்சர்?’

வார நாட்களில் நான் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒருநாள், எழுத்தே இல்லாமல் வண்ணத் தாள்கள் மட்டும் உள்ள அந்தச் சின்னப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தினேன். கறுப்புத் தாள் பாவம். சிவப்பு இயேசுவின் இரத்தம். வெள்ளை கழுவப்பட்ட இருதயம். வகுப்பு முடிந்ததும் ஐந்து வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, தன் கையை நீட்டிக் காட்டி, "இயேசு என்னையும் வெள்ளையாக்குவாரா, டீச்சர்?" என்று கேட்டான்.

1866-இல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் தன் பிரசங்கத்தில் இந்த மூன்று நிறங்களைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆசிரியர்கள் நல்ல மனதோடு இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட உவமை எளிதில் புரியாது. ஏறத்தாழ ஏழு வயது வரை குழந்தைகள் கண்ணால் பார்ப்பதை வைத்தே யோசிக்கிறார்கள் என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விளக்கியிருக்கிறார். கறுப்பு என்றால் அவனுக்கு அவன் கைதான். நான் இருதயத்தைப் பற்றிப் பேசினேன், அவன் தோலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் கேள்வி பாடத்திலிருந்து மட்டும் வந்ததல்ல. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். அந்த வயதுக்குள்ளேயே உலகம் பாடம் நடத்தி முடித்திருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அது நடக்கிறது. "ஏன் இப்படிக் கறுத்துட்டே?" என்று விசாரிக்கும் உறவினர், கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொள்ளும் அம்மா, கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர் வேடத்துக்குச் சிவப்பான பிள்ளைகளை மட்டும் தேடும் நாம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. குழந்தை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட குழந்தையிடம் "மனசு அழகா இருந்தா போதும்டா" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. என் அறைக்கு வரும் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் தெரியுமா? "அப்போ நான் அழகா இல்லைதான்." உள்ளழகை, வெளியழகு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாக மாற்றிவிடாதீர்கள் என்பதுதான் பெற்றோரிடமும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடமும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது.

அதனால் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் உடம்பு. "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்" என்ற சங்கீதம் 139:14. கையை விரித்துப் பார்க்கச் சொல்வேன், ரேகைகளை எண்ணச் சொல்வேன். இந்தக் கை, இந்த நிறம், இந்த மூக்கு எல்லாம் தேவன் செய்தது. இது மனதில் நின்ற பிறகுதான் இருதயத்துக்குப் போகிறேன்.

இருதயம் என்றால், தேவன் தாவீதை ராஜாவாகத் தேர்ந்தெடுத்த கதை. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற 1 சாமுவேல் 16:7 எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். 12-ஆம் வசனம், தாவீது அழகிய கண்களும் நல்ல ரூபமும் உள்ளவன் என்கிறது. அழகைக் குறை சொல்ல வேதம் அந்தக் கதையைச் சொல்லவில்லை; தேவன் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் அங்கே விஷயம். தாவீதின் மகன் அப்சலோம் உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை ஒரு பழுதும் இல்லாத அழகன். அந்த அழகன்தான் அப்பாவுக்கு எதிராகக் கிளம்பினான். பெரிய பிள்ளைகளிடம் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

சின்னவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடித்தது தொற்காள் என்ற சீஷியின் கதை. அவள் முகம் எப்படி இருந்தது என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவள் இறந்ததும் விதவைகள் அழுதுகொண்டே, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டினார்கள். துணி என்றால் பிள்ளைக்குத் தெரியும், தொட்டுப் பார்க்கலாம். உள்ளழகு இப்படிக் கைக்கு எட்டுகிற ஒன்றாக இருந்தால்தான் அவர்களுக்குப் புரிகிறது. வீட்டிலும் அதே வழிதான். "நீ நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "தங்கச்சி அழுதப்போ உன் பொம்மையைக் கொடுத்தியே, அது தயவு" என்று செய்த காரியத்துக்குப் பெயர் வையுங்கள். கலாத்தியர் 5-இல் ஆவியின் கனியாக ஒன்பது குணங்கள் இருக்கின்றன. இரவு ஜெபத்துக்கு முன் ஒன்றைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" என்ற 1 பேதுரு 3:4-ஐப் பெண் பிள்ளைகளின் வாயை அடைக்கப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். என்னை அது மிகவும் வேதனைப்படுத்துகிறது. தன்னைச் சாந்தமுள்ளவர் என்று சொன்ன இயேசுவே தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். யாராவது தவறாகத் தொட்டாலோ கேலி செய்தாலோ "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்வதும், பெரியவர்களிடம் வந்து சொல்வதும் சாந்தத்துக்கு விரோதமில்லை என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் பையனிடம் அன்று நான் சொன்னது: "உன் நிறத்தை இயேசு மாத்த மாட்டார், அதை அவர்தான் ஆசையாய்ச் செஞ்சார்." அப்புறம் அவன் அம்மாவிடம் பேசினேன். குளிக்கும்போது அவன் தன் கையைச் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பதாகச் சொன்னார். இப்போது பாவத்தைப் பற்றிப் பேச நிறத் தாள் எடுப்பதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மண்ணைக் கலந்து காட்டுகிறேன்.

உங்கள் பிள்ளை "நான் அசிங்கமா இருக்கேனா?" என்று கேட்டால், உடனே மறுக்காமல் "யார் அப்படிச் சொன்னா?" என்று கேளுங்கள். தோலைத் தேய்ப்பது, ஃபோட்டோவுக்கு ஒளிந்துகொள்வது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, பள்ளிக்குப் போக அழுவது இதெல்லாம் வாரக்கணக்கில் தொடர்ந்தால், பிள்ளைக்காக ஜெபியுங்கள், அதே வாரத்தில் ஒரு ஆலோசகரிடமும் அழைத்துப் போங்கள்.