பருவ எதிர்ப்புத்திறன்

மிளகாய் நாற்றங்காலில் நாற்றழுகல் புகுந்தால் நாற்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்ந்துவிடும். அதை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரி நடவு வயல் மண்ணிலும் இருக்கக்கூடியதுதான். ஆனாலும் தண்டு முற்றிய செடி பெரும்பாலும் அதற்கு மசியாது. இப்படிச் செடியோ காயோ வளர வளர, நோயை எதிர்க்கும் ஆற்றல் மாறுவதைத் தாவர நோயியலில் ‘ஆன்டோஜெனிக் ரெசிஸ்டன்ஸ்’ என்கிறார்கள்.

‘ஆன்டோஜெனி’ கிரேக்க வேர்களில் பிறந்த சொல். முன்பகுதிக்கு ‘இருப்பது’ என்றும் பின்பகுதிக்குத் ‘தோற்றம்’ என்றும் பொருள். ஒரு தனி உயிர் கருவிலிருந்து முதிர்வது வரையான வளர்ச்சியைக் குறிக்க ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் இதை ஆக்கினார். ‘ரெசிஸ்டன்ஸ்’ இலத்தீனிலிருந்து வந்தது. எதிர்த்து நிற்றல் என்று பொருள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘முதிர்ச்சி எதிர்ப்பு’ என்றால் வயது ஏற ஏற வலுவும் ஏறும் என்றாகிவிடும். வேரழுகலையும் வாடலையும் தரும் ஃபைட்டோப்தோரா கேப்சிசி என்ற நுண்ணுயிரிக்கு அது பொருந்தும்: இளஞ்செடி சீக்கிரம் மடியும், பூக்கும் பருவச் செடி கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். காய்க்கு வந்தால் கதை மாறுகிறது. கொலட்டோட்ரைக்கம் பூசணத்தில் கிளியோஸ்போரியாய்ட்ஸ் என்ற இனம் பச்சைக் காயை அழுகவைக்கும், சிவந்த பழத்தில் திணறும்; கொரிய ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பழ அழுகலுக்குக் காரணமான கொலட்டோட்ரைக்கம் கேப்சிசி இனமோ (இன்றைய பெயர் ட்ரங்கேட்டம்) பழுத்த பழத்தைத்தான் அதிகம் பிடிக்கும். 1913-இல் பூசணவியலாளர் சைடோ இந்த இனத்தை விவரித்தது கோயம்புத்தூரில் கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். அதே பழம், அதே பருவம். ஒரு பூசணத்துக்கு மூடிய கதவு இன்னொன்றுக்குத் திறந்து கிடக்கிறது.

அதனால் ‘பருவ எதிர்ப்புத்திறன்’ என்பதே சரியான சொல் என்பேன். நாற்று, பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று உழவர் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் எல்லா நிலைகளும் இதில் அடங்கும். ஏறுவதும் இறங்குவதும் அடங்கும்.

இதை மரபுவழி எதிர்ப்புத்திறனோடு குழப்ப வேண்டாம். மெக்சிகோவின் ‘கிரியோயோ தெ மொரேலோஸ் 334’ மிளகாய் நாற்றாக இருக்கும்போதே ஃபைட்டோப்தோராவை எதிர்க்கும். அந்த வலு அதன் மரபணுக்களில் இருப்பது, பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. தாங்குதிறன் என்பது இன்னும் வேறு: நோய் பிடித்த பிறகும் விளைச்சல் பெரிதாகக் குறையாமல் இருப்பது அது.