மாலை 4 மணிக்குப் பின் திரையில் விழும் பத்து லட்சம் பங்கு

என்எஸ்இ, பிஎஸ்இயில் வாங்குபவரின் ஆர்டரும் விற்பவரின் ஆர்டரும் கணினியில் பொருந்திய கணமே வியாபாரம் திரைக்கு வந்துவிடும். அமெரிக்காவில், பங்குச்சந்தைக்கு வெளியே தரகர்கள் வழியாக நடக்கும் ஓடிசி சந்தையில் புழங்கும் பென்னி பங்குகளுக்கு (மிகக் குறைந்த விலைப் பங்குகள்) அப்படியொரு பொது எந்திரம் கிடையாது. மார்க்கெட் மேக்கர் எனப்படும் தரகு நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி விற்று, நடந்ததைப் பிறகு ஃபின்ரா என்ற ஒழுங்கு அமைப்பிடம் பதிகின்றன.

முதலில், மேக்கர் திரையில் காட்டும் அளவை நம்பிவிடக் கூடாது. 10 சென்டுக்குக் கீழுள்ள பங்குக்கு விலை சொல்பவர் குறைந்தது 10,000 பங்குக்குச் சொல்ல வேண்டும் என்பது ஃபின்ரா விதி. ஒரு சென்ட் பங்கில் அது வெறும் 100 டாலர். கையில் பத்து லட்சம் பங்கு விற்க ஆர்டர் இருந்தாலும் திரையில் 10,000 மட்டும் நிற்கலாம். அது தீர்ந்ததும் அதே விலையில் இன்னொரு 10,000 முளைக்கும். கொஞ்சம்தான் மிச்சம், விலை தாண்டிவிடும் என்று வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது தாமதப் பதிவு. சந்தை நேரத்தில் நடந்த வியாபாரத்தை 10 நொடிக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதக் குறி விழும். சந்தை மூடும் மாலை 4 மணிக்குப் பின் நடந்ததற்கு ‘டி’ (T) குறி. தொலைபேசியில் பேசி முடித்ததைப் பதிய மறப்பது, கணினிக் கோளாறு, தவறான பதிவைத் திருத்துவது என்று தாமதத்துக்குச் சாதாரணக் காரணங்களே அதிகம். இதுவே ஒரு நிறுவனத்தின் வாடிக்கையானால் விதிமீறல்.

குழப்பம் வருவது பெரிய ‘டி’ பதிவுகளில். ஒரு நிதியம் பத்து லட்சம் பங்கை விற்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேக்கர் பகலில் 4 லட்சத்தை 0.0120 டாலருக்கும், 3.5 லட்சத்தை 0.0112-க்கும், 2.5 லட்சத்தை 0.0104-க்கும் விற்கிறார். மொத்தம் 11,320 டாலர். சந்தை மூடியபின், நிதியத்தின் முன்சம்மதப்படி, பத்து லட்சத்தையும் 0.0110-க்கு அதனிடமிருந்து வாங்கிக் கணக்கை நேர் செய்கிறார். மிஞ்சும் 320 டாலர் அவருடைய லாபம். இரண்டு பக்கமும் வெவ்வேறு விலை என்பதால் இரண்டும் திரையில் வரும். ஆகவே அன்றைய அளவு இருபது லட்சமாகத் தெரியும். விலை மாற்றாமல் கைமாற்றி, கமிஷனைத் தனியே வாங்கியிருந்தால் ஒருமுறைதான் வந்திருக்கும்.

பங்கு 0.0104-இல் முடிந்திருக்க, அதற்கு மேலே 0.0110-இல் பத்து லட்சம் விழுகிறது. பெரிய கை உள்ளே நுழைகிறது என்று மறுநாள் காலை கூட்டம் கூடுகிறது. நிதியமோ விற்று முடித்துப் போய்விட்டது.

இதைச் சரிபார்க்க அன்றைய வியாபாரப் பட்டியலை எடுங்கள். ‘டி’ பதிவின் விலை, அன்றைய சராசரிக்கு (இங்கே 0.01132) அருகில் இருக்கிறதா? பகலில் நடந்தவற்றின் கூட்டுத்தொகை அந்தப் பத்து லட்சத்தை எட்டுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பெரும்பாலும் பகல் வேலையின் கணக்கு முடிப்பு. நிதியம் வாங்கியதா விற்றதா என்பதைப் பகல் வியாபாரங்களிடமே கேட்க வேண்டும்: திரையில் வாங்குபவர்கள் காட்டிய விலையில் அதிகம் விழுந்திருந்தால் விற்பனை அழுத்தம், விற்பவர்கள் காட்டிய விலையில் விழுந்திருந்தால் வாங்கும் ஆர்வம்.

100, 200 பங்கு வியாபாரங்கள் மேக்கர்களின் சங்கேதம் என்றொரு நம்பிக்கை பல வருடமாகச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமில்லை. அவர்களுக்குள் பேசத் தொலைபேசியும் ஆர்டர் செய்தி அமைப்பும் இருக்கின்றன. ஒழுங்கு அமைப்பு வாசிக்கும் பதிவேட்டில் ரகசியம் எழுத வேண்டிய தேவை இல்லை.

‘டி’ பதிவு முடிவு விலையை மாற்றாது. மறுநாளின் ஏற்ற இறக்கச் சதவீதம் 0.0104-இலிருந்துதான் கணக்கிடப்படும்.