அங்கன்வாடி: சொல்லும் பொருளும்

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கும் இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகியவை அவர்கள் வாழும் இடத்திலேயே கிடைக்க வழிசெய்யும் அரசு நிலையம் அங்கன்வாடி ஆகும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமே இச்சொல்லை நாடெங்கும் பரப்பியது.

ஆயினும் சொல் திட்டத்துக்கு முந்தியது. மகாராட்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டியில் 1945 முதல் குழந்தைக் கல்விப் பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகியோர், தாங்கள் நடத்திய பாலர் பள்ளிக்கு ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகள் வராததைக் கண்டு, அவர்களின் குடியிருப்புக்கே சென்று வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடமும் விளையாட்டும் நடத்தினர். குளிப்பாட்டித் தலைவாரி விடுவதும் அங்கே கல்வியின் பகுதியாகவே இருந்தது. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கண்' என்னும் மராத்தியச் சொல்லோடு, தோட்டம், அடைப்பிட்ட இடம் எனப் பொருள்படும் 'வாடி' சேர்ந்து இப்பெயர் அமைந்தது. பள்ளியைத் தேடிக் குழந்தை வர இயலாதபோது குழந்தையைத் தேடிப் பள்ளி செல்ல வேண்டும் என்னும் கொள்கை பெயரிலேயே பதிந்திருப்பது எண்ணி மகிழத் தக்கது.

இரு பகுதிகளும் தமிழுக்குப் புதியவை அல்ல. 720ஆம் குறளில் வரும் 'அங்கணம்' தூய்மையற்ற முற்றத்தைக் குறிக்கிறது. மரவாடி, விறகுவாடி என்பவை இன்றும் வழக்கில் உள்ளன.

தமிழ்நாட்டு அரசு வழக்கில் இது 'குழந்தைகள் மையம்'. மக்களோ 'பால்வாடி' என்றே சொல்லிப் பழகிவிட்டனர். அதிலுள்ள 'பால்' குழந்தையைக் குறிக்கும் வடசொல்லே தவிர, அருந்தும் பால் அன்று. 'குழந்தைகள் மையம்' எளிமையும் தெளிவும் உடையது என்பதில் ஐயமில்லை. ஆனால், எடை பார்க்கும் கருவியும் சத்துமாவுப் பொட்டலமும் பாயில் உறங்கும் பிள்ளைகளுமாகத் தெருவோடு ஒன்றிய ஓர் இடத்தை 'மையம்' என்னும் அலுவலகச் சொல் முழுமையாக உணர்த்துவதில்லை. வீட்டின் முன்னிடத்தைச் சுட்டும் 'முன்றில்' நமக்கு இருக்கையில், 'மழலையர் முன்றில்' என்பதே மூலப் பொருளுக்கு நெருங்கிய தமிழாக்கம் என்பது என் கருத்து. அரசு ஆவணங்களைச் சுட்டி எழுதும் இடங்களில் மட்டும் 'குழந்தைகள் மையம்', 'அங்கன்வாடிப் பணியாளர்' என்னும் வழக்குகளை அவ்வாறே ஆள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.