கார் பேட்டரி: 12.6 சொல்லும் கணக்கு

சனிக்கிழமை காலை. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய மாடிக் கார் நிறுத்துமிடத்தில் கீழ்வீட்டுத் தம்பி சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். "டக் டக் டக்" என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. இரண்டு வாரம் தஞ்சாவூருக்குப் போய்விட்டு முதல்நாள் இரவுதான் திரும்பியிருந்தார். "போகும்போது நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்றார்.

அந்தச் சத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது சொலினாய்டு என்ற காந்த சுவிட்ச். அது பிடித்ததும் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் கேட்கிறது. இளைத்த பேட்டரியால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது, காந்தம் பிடியை விடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, காந்தம் மறுபடி பிடிக்கிறது. இந்தப் பிடி விடுதான் டக்டக். ஒரே ஒரு "டக்" கேட்டு நின்றுபோனால் ஸ்டார்ட்டரையோ பேட்டரி முனையில் தளர்ந்த இணைப்பையோ பார்க்கவேண்டும்.

மேலே போய், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் என் மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். சிம் லிம் டவரில் இருபது வெள்ளிக்குள் வாங்கியது. டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டேன். 11.5.

பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆக மொத்தம் 12.6. ஓர் அறையில் ஈயத் தகடு, ஈய டையாக்சைடு தகடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். 1859இல் பிரான்சின் காஸ்டோன் பிளாந்தே கண்டுபிடித்த அமைப்பு இன்றும் அடிப்படையில் அப்படியே இருக்கிறது. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. அதனால்தான் வோல்டேஜை அளந்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. வண்டி இரவெல்லாம் சும்மா நின்றபின் 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. காலியாகவே கிடந்தால் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

சிங்கப்பூர் வெப்பம் வேறு சேர்ந்துகொள்கிறது. குளிர்நாடுகளில் குளிர்காலக் காலையில் பேட்டரி திணறும். இங்கே அது ஆண்டு முழுக்க மெல்லத் தேய்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். உள்ளே நடக்கும் அரிப்புக்கும் அதே கணக்குத்தான். மூன்றாம் ஆண்டைத் தொட்ட பேட்டரியை நான் மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பேன்.

சரி, என் காரை அருகே கொண்டுவந்து, இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ஜம்பர் கேபிளை எடுத்தோம். தம்பி பானட்டுக்குள் கையை விடும்போது மோதிரம் மின்னியது. "அதைக் கழற்றிவிடுங்க தம்பி" என்றேன். "12 வோல்ட்தானேண்ணே?" என்று கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பிளஸ் முனைக்கும் காரின் இரும்புக்கும் நடுவே ஒரு மோதிரமோ ஸ்பேனரோ பாலம் போட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நேரத்தில் பாயும். தங்கம் நொடியில் கொதிசூடேறி விரலோடு ஒட்டிச் சுட்டுவிடும். கைச்செயின், கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடுப்பதும் இதற்காகத்தான். காரின் உடம்பே மைனஸோடு சேர்ந்திருப்பதால், மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் இடித்தாலும் ஒன்றும் ஆகாது.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், அமிலத்தோடு வெடிக்கும். கேபிளின் வரிசை இதை வைத்தே அமைந்தது. இரண்டு எஞ்சினும் அணைந்திருக்க, சிவப்புக் கிளிப் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசிக் கிளிப்பை மட்டும் செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியைவிட்டுத் தள்ளிப் போடவேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அது வாயுவுக்கு அருகில் பறக்கக்கூடாது. பேட்டரி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொடவே வேண்டாம், பட்டறையைக் கூப்பிடுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கவேண்டும்.

ஐந்து நிமிடம் பொறுத்துத் திருகினோம், எஞ்சின் பிடித்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.2 காட்டியது. 13.8க்கும் 14.7க்கும் இடையே இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். "கொஞ்ச நேரம் இங்கேயே ஓடவிடவா?" என்று கேட்டார். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். மேலும் வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். சாங்கிவரை ஒரு நடை போய்வரச் சொன்னேன். அதுவும் முழுதாக நிரப்பாது, அன்று இரவு பட்டறையில் சார்ஜர் போடவேண்டியிருந்தது.

ஏன் காலியானது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்தோம். (இந்த நிலையில் மீட்டரை பிளஸ், மைனஸ் இரண்டிலும் நேராக வைத்துவிடாதீர்கள், அது ஷார்ட் சர்க்கியூட். சாவியையும் திருகக்கூடாது.) காரின் கணினிகள் உறங்க அரைமணி நேரம் காத்திருந்தோம். 0.05 ஆம்பியருக்குள் நிற்கவேண்டிய எண் 0.28இல் நின்றது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். நாலாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் 0.03க்கு விழுந்தது. முன்கண்ணாடியில் இருந்த கேமரா, வண்டி நிற்கும்போதும் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. அது மட்டும் தின்றது 0.25 ஆம்பியர். 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்மணி. அவருடையது 45 ஆம்பியர்மணி பேட்டரி. ஒரு வாரம் தாங்கியிருக்கும்.

கேமராவின் அமைப்பில் வோல்டேஜ் இறங்கினால் தானே அணையும் வசதி இருந்தது, யாரும் அதை இயக்கி வைக்கவில்லை. 12.2க்கு வைத்துவிட்டு, ஃபியூஸை அதே இடத்தில் அதே 10 ஆம்பியரிலேயே திரும்பச் சொருகினோம்.