ரைக்கர்ஸ் தீவுக்கு மாற்று: ஒரு மாநகரம் புதிய சிறை கட்டுவது எப்படி?

நியூயார்க் நகரில் கைதான ஒருவரால் ஜாமீன் தொகையைக் கட்ட முடியவில்லை என்றால் அவரை ஒரு தீவுக்குக் கொண்டுபோவார்கள். நகரின் ஐந்து பகுதிகளில் இரண்டான குயின்ஸுக்கும் பிராங்ஸுக்கும் நடுவே, ஈஸ்ட் ரிவரில் இருக்கும் ரைக்கர்ஸ் தீவு அது. வாகனம் போக ஒரே ஒரு பாலம். லகார்டியா விமான நிலையம் கூப்பிடு தூரம். 1884இல் நகரம் இந்தத் தீவை வாங்கியபோது அது 90 ஏக்கர்கூட இல்லை. ஊர்ச் சாம்பலையும் குப்பையையும் கொட்டிக் கொட்டியே 400 ஏக்கருக்கு மேல் ஆக்கினார்கள். அந்தக் குப்பை மேட்டின் மேல்தான் 1930களிலிருந்து சிறைக் கட்டடங்கள் எழுந்தன.

வழக்கு நாளில் கைதியை விடியுமுன்னே எழுப்பிவிடுவார்கள். காத்திருப்புக் கூண்டில் சில மணி நேரம், பிறகு வண்டி, பாலம், நகர நெரிசல், நீதிமன்றத்தில் மறுபடி கூண்டு. நீதிபதி முன் நின்ற சில நிமிடங்களில் வாய்தா போட்டுவிடுவார்கள். இருட்டிய பிறகு மறுபடி பாலம். பார்க்க வரும் தாயோ மனைவியோ கியூ100 பஸ்ஸில் தீவுக்கு வந்து, சோதனை மேல் சோதனை முடித்து, ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஒரு நாள் கூலியை விடுகிறார்கள்.

அமெரிக்காவில் சிறை இரண்டு வகை. ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்கள் மாநில அரசின் சிறைக்குப் போகிறார்கள். விசாரணைக் கைதிகளும் சில்லறைத் தண்டனைக்காரர்களும் இருக்கும் சிறையை உள்ளாட்சி நடத்த வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் அது மாவட்டத்துக்கு இணையான கவுண்டியின் பொறுப்பு, நியூயார்க் நகரில் மாநகராட்சியின் பொறுப்பு. ரைக்கர்ஸில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்.

பதினாறு வயதில் ஒரு பையைத் திருடியதாகக் கைதான கலீஃப் பிரௌடர் விசாரணையே நடக்காமல் மூன்றாண்டு அங்கே கிடந்தார். கடைசியில் வழக்கைக் கைவிட்டு வெளியே அனுப்பினார்கள். 2015இல் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டே, மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜோனதன் லிப்மன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 2017இல், தீவை மூடிவிட்டு நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சிறிய சிறைகளைக் கட்டுங்கள் என்று அது சொன்னது. அப்போதைய மேயர் டி பிளாசியோவும் ஒப்புக்கொண்டார்.

சரி, ஒரு நகரம் பழைய சிறையை மாற்ற வேண்டுமானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? மனையோ மதிப்பீடோ பிறகுதான். எத்தனை பேரை அடைக்கப்போகிறோம் என்ற எண்தான் முதலில் வேண்டும். இந்த எண்ணைக் கட்டடப் பொறியாளரால் சொல்ல முடியாது. நீதிபதி எவ்வளவு ஜாமீன் கேட்கிறார், வழக்கு எத்தனை மாதம் இழுக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நூறு பேர் ஆறு மாதம் இருந்தால் பிடிக்கும் இடத்தையே இருநூறு பேர் மூன்று மாதம் இருந்தாலும் பிடிப்பார்கள். வாய்தாக்களைக் குறைத்தால் சிறை சின்னதாகப் போதும்.

2019இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் எண் சுமார் 3,300 பேர். அவர்களுக்காக நான்கு சிறைகள், ஒவ்வொன்றிலும் 886 இடங்கள். பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020இல், கைதிகள் 4,000க்கும் கீழே குறைந்தார்கள். கணக்கு பலித்துவிடும் போலத் தெரிந்தது. பிறகு மறுபடி ஏறத் தொடங்கி 2025இல் 7,000ஐத் தாண்டிவிட்டார்கள். சிறைக்கு 1,040 வீதம் மொத்தம் 4,160 இடங்களாகத் திட்டத்தைப் பெரிதாக்கிய பிறகும் 7,000 பேரை அதில் அடக்க முடியாது. இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம். விலையேற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கத்துகிறார்கள்.

அடுத்தது இடம். நகரத்தில் நிலப் பயன்பாட்டை மாற்ற ஒரு நடைமுறை உண்டு. வட்டார வாரியத்துக்கு 60 நாள், அந்தப் பகுதித் தலைவருக்கு 30 நாள், நகரத் திட்டமிடல் ஆணையத்துக்கு 60 நாள், மாமன்றத்துக்கு 50 நாள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். எந்தக் குடியிருப்பாளரும் வட்டார வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம். ஆனால் வாரியத்தின் முடிவு ஆலோசனை மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. இந்த விஷயத்தில் நான்கு வட்டார வாரியங்களும் வேண்டாம் என்றன. 2019 அக்டோபர் 17 அன்று மாமன்றம் 36க்கு 13 என்ற வாக்கில் வேண்டும் என்றது.

நான்கு இடங்களையும் ஒரே விண்ணப்பமாகக் கட்டி அனுப்பியதில் ஒரு சூட்சுமம் உண்டு. தனித்தனியாக அனுப்பியிருந்தால் ஒவ்வொரு வட்டாரமும் தன் மாமன்ற உறுப்பினர் மூலம் தன் இடத்தைத் தட்டிவிட்டிருக்கக்கூடும். ஒரே கட்டாகப் போனதால், ஒன்று விழுந்தால் மற்றவையும் விழும். சாமர்த்தியம்தான், ஆனால் கேட்கப்போகிறோம் என்று கூட்டம் போட்டுவிட்டுக் கேட்காமல் போன கசப்பு இன்றும் தீரவில்லை. மாமன்றம் மக்களுக்கு வாங்கிக் கொடுத்தது உயரக் குறைப்பு: மன்ஹாட்டன் கட்டடம் 450 அடியிலிருந்து 295 அடியானது, குயின்ஸ் 270 அடியிலிருந்து 195 அடியானது.

மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ் மூன்றிலும் பழைய சிறை இருந்த இடத்திலேயே, நீதிமன்றத்துக்கு அருகிலேயே புதியது வருகிறது. பிராங்ஸில் மட்டும் போலீஸார் இழுத்துவந்த வாகனங்களை நிறுத்திவைத்திருந்த மனை, நீதிமன்றத்திலிருந்து தள்ளியிருக்கிறது. ஸ்டேட்டன் தீவுக்குச் சிறையே இல்லை. மன்ஹாட்டன் சிறையை ஊரார் ‘கல்லறைகள்’ என்று அழைப்பார்கள். 1838இல், தூர்த்த குளத்தின் மேல் கட்டி, திறந்த கொஞ்ச நாளிலேயே புதையத் தொடங்கிய கட்டடத்தின் பெயர் அது. அதற்குப் பின் அந்த வட்டாரத்தில் எத்தனை சிறைகள் மாறினாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இனி பணம். சம்பளம், சாப்பாடு போன்ற ஆண்டுச் செலவுக்கு ஒரு பட்ஜெட், பல்லாண்டு நிற்கும் கட்டடம், பாலம் போன்றவற்றுக்கு இன்னொன்று என்று நகரம் இரண்டு பட்ஜெட் வைத்திருக்கிறது. சிறை இரண்டாவதில் வருகிறது. அதற்கான பணத்தை நகரம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டுகிறது. அசலும் வட்டியும் வருடாவருடம் முதல் பட்ஜெட்டிலிருந்து போகும். பல கவுண்டிகளில் இப்படிக் கடன் வாங்குமுன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நியூயார்க் நகரில் தேவையில்லை. அதற்குப் பதிலாக மாநில அரசமைப்பு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: வரி விதிக்கத்தக்க மனை, கட்டடங்களின் ஐந்தாண்டுச் சராசரி முழு மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் கடன் போகக் கூடாது. சிறைக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு டாலரும் பள்ளிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ வாங்கக்கூடிய கடனை அந்த அளவு சுருக்கும்.

தொடக்க மதிப்பீடு 870 கோடி டாலர். இப்போது 1,500 கோடியைத் தாண்டிவிட்டது. புரூக்ளின் ஒப்பந்தம் மட்டுமே ஏறத்தாழ 300 கோடி. வழக்கமான முறையில் ஒருவர் வரைபடம் போடுவார், குறைந்த விலை சொன்ன வேறொருவர் கட்டுவார். இங்கே இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மாநிலச் சட்டமன்றம் 2018இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானதும், மக்கள் தேர்ந்தெடுத்த கணக்கு அதிகாரியான கம்ப்ட்ரோலர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம் நகரும்.

தொகை மலைக்க வைக்கிறது, உண்மைதான். ஆனால் பழையதை அப்படியே வைத்திருப்பதும் இலவசமில்லை. 2021 நிதியாண்டில் ஒரு கைதிக்கு நகரம் செலவழித்தது ஆண்டுக்கு 5,56,539 டாலர் என்று கம்ப்ட்ரோலர் அலுவலகமே கணக்குக் காட்டியது. ஒன்றுக்குப் பத்தாகச் சிறைகள் சிதறிக் கிடக்கும் தீவில் ஒவ்வொன்றுக்கும் காவல் வைத்தாக வேண்டும்.

சட்டப்படி ரைக்கர்ஸை மூட வேண்டிய நாள் 2027 ஆகஸ்ட் 31. அந்தக் கெடுவுக்குள் முடியாது என்று லிப்மன் ஆணையம் 2025 மார்ச்சில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. முதலாவதாக முடியும் புரூக்ளினுக்கே 2029 என்று நாள் குறித்திருக்கிறார்கள். மற்றவை அதற்கும் பின்னால். கெடு தவறினால் தண்டம் என்ன என்று சட்டத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இடையில் தீவைத் துண்டு துண்டாகக் கைமாற்ற வேண்டும் என்று 2021இல் ஒரு நகரச் சட்டம் வந்தது. சிறைத்துறைக்குத் தேவைப்படாத கட்டடமும் நிலமும் நகரத்தின் நிர்வாகச் சேவைத் துறைக்குப் போகும். பிற்பாடு சூரிய மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்றவற்றுக்கு அந்த நிலம். கைதிகள் குறைந்தால்தான் கட்டடம் காலியாகும், கட்டடம் காலியானால்தான் நிலம் கைமாறும்.

இதைப் பின்தொடர விரும்பும் நியூயார்க்வாசி பார்க்க வேண்டிய இடம் பட்ஜெட். நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் மாமன்றம் துறைவாரியாகப் பொதுக் கூட்டங்கள் நடத்தும். பதிவு செய்துகொண்டு யாரும் பேசலாம். கட்டுமானச் செலவுப் பட்டியலில் நான்கு சிறைகளுக்கும் எந்த ஆண்டு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதோடு கைதிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 4,160ஐ நோக்கி அது இறங்காதவரை, கட்டடங்கள் நான்கும் முடிந்த பிறகும் கியூ100 பஸ் அந்தப் பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.