கேசரிக்குள் எத்தனை மஞ்சள்?

தேவகோட்டையில் எங்கள் அப்பத்தா வீட்டுச் சன்னல்களின் மேற்பக்கம் வண்ணக் கண்ணாடி பதித்திருக்கும். உடைந்து விழுந்த மஞ்சள் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு துண்டு வழியாக வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைப் பார்ப்பது, அதன்மேல் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று அடுக்குவது. இதுதான் விளையாட்டு. நாலாவது துண்டில் வளவே இருட்டிவிடும். "கையைக் கிழிச்சுக்காதடா, கீழ போடு" என்று அப்பத்தா சத்தம் போடுவார்.

ஒரு துண்டு பாதி வெளிச்சத்தை விட்டால், இரண்டாவது துண்டு அந்தப் பாதியில் பாதியை விடும். ஆக, கால். மூன்றாவதில் அரைக்கால், நாலாவதில் மாகாணி. வெளிச்சம் இங்கே கழித்தலாகக் குறையவில்லை, வகுத்தலாகக் குறைகிறது. வகுத்தலைக் கழித்தலாகவும் பெருக்கலைக் கூட்டலாகவும் மாற்றத்தான் மடக்கை (லாகரிதம்) இருக்கிறதே. உள்ளே போன ஒளியில் பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் உறிஞ்சல் 1, நூறில் ஒரு பங்கு வந்தால் 2 என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி கூடக்கூட எண்ணும் அதே கணக்கில் கூடும். பூகே என்ற விஞ்ஞானி 1729இல் பார்த்ததும், லாம்பெர்ட் என்ற விஞ்ஞானி 1760இல் சூத்திரமாக்கியதும் இதைத்தான். 1852இல் ஆகஸ்ட் பியர் இதைக் கரைசலுக்குக் கொண்டுபோனார். கண்ணாடியின் தடிமன் கூடினாலும் சரி, தண்ணீரில் சாயம் கூடினாலும் சரி, ஒளிக்கு இரண்டும் ஒன்றே.

சரி, கேசரிக்கு வருவோம். கேசரி பவுடரில் எலுமிச்சை மஞ்சள் நிறத்துக்கு டார்ட்ரசின், ஆரஞ்சு நிறத்துக்கு சன்செட் யெல்லோ என்ற சாயங்கள் வழக்கம். இரண்டும் கலந்திருந்தால், எது எவ்வளவு? டார்ட்ரசின் அதிகம் உறிஞ்சுவது 427 நானோமீட்டர் அலைநீளத்தில். சன்செட் யெல்லோவுக்கு அது 482. ஆனால் ஒன்றின் எல்லைக்குள் மற்றது கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

கணக்குப் போட்டே பார்க்கலாம், எண்களை வசதிக்காகக் கொஞ்சம் உருட்டிக்கொள்கிறேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் டார்ட்ரசின் 427இல் 0.05 உறிஞ்சலும், 482இல் 0.015உம் தரட்டும். சன்செட் யெல்லோ 427இல் 0.025, 482இல் 0.055. லிட்டருக்கு டார்ட்ரசின் 10 மில்லிகிராமும் சன்செட் 4 மில்லிகிராமும் கலந்த தண்ணீரை, உறிஞ்சலை அளக்கும் கருவியில் வைத்தால் 427இல் 0.60, 482இல் 0.37 காட்டும். ஒவ்வொரு சாயத்தையும் அதனதன் உச்சியில் மட்டும் பார்த்து வகுத்தால் டார்ட்ரசின் 12, சன்செட் 6.7 என்று வரும். இரண்டும் தப்பு. இரண்டு அளவுகளையும் இரண்டு சமன்பாடுகளாக எழுதி, பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி தீர்த்தால் 10, 4 என்று சரியாக விழும்.

ஆனால் நிஜக் கேசரியில் ரவை இருக்கிறது, நெய் இருக்கிறது. எவ்வளவு வடிகட்டினாலும் கொஞ்சம் கலங்கல் மிஞ்சும், அது எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். கலங்கலால் இரண்டு இடத்திலும் வெறும் 0.05 கூடியது என்று வையுங்கள். அதே சமன்பாடுகள் இப்போது 10.6, 4.7 என்கின்றன. சன்செட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பிழை. இரண்டு சமன்பாட்டில் மூன்றாவது ஆள் உட்கார இடமில்லை. வந்தவர், இருப்பவர் மடியில்தான் உட்காருவார்.

அதனால் இரண்டு இடத்தில் மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு, 350இலிருந்து 600 நானோமீட்டர் வரை 2 நானோமீட்டருக்கு ஒன்றாக 126 இடங்களில் அளக்கிறார்கள். முன்கூட்டியே நாமே அளந்து கலந்த, கலங்கலும் சேர்த்த, ஒரு 25 மாதிரிகளின் நிறமாலையை, அதாவது அந்த 126 உறிஞ்சல் எண்களின் வரிசையை, கணினிக்குக் கொடுக்கிறோம். 'இதில் இவ்வளவு டார்ட்ரசின், அதில் இவ்வளவு' என்று விடையையும் கூடவே சொல்லிவிடுகிறோம். எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தால் விடை வரும் என்பதை அது கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அளவுத்திருத்தம், ஆய்வக வழக்கில் காலிபரேஷன்.

25 மாதிரிகளை வைத்து 126 மதிப்புகளைக் கண்டுபிடி என்றால் விடை ஒன்றல்ல, எண்ணற்றவை. நல்லவேளை, அந்த 126 அளவுகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதில்லை. தேரை 126 பேர் இழுத்தாலும் வடம் மூன்று நாலுதான், ஒரே வடத்தைப் பிடித்தவர்கள் சேர்ந்தே அசைகிறார்கள். அந்த வடங்களை, அதுவும் சாயத்தின் அளவோடு சேர்ந்து அசையும் வடங்களை, தேடிப் பிடிப்பதுதான் பகுதி மீச்சிறு வர்க்க முறை, ஆங்கிலத்தில் பார்ஷியல் லீஸ்ட் ஸ்கொயர்ஸ். இதை உருவாக்கிய ஹெர்மன் வோல்ட் வேதியியலாளர் அல்ல, பொருளாதாரத் தரவுகளோடு மல்லுக்கட்டிய புள்ளியியலாளர். வேதியியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவர் மகன் ஸ்வாந்தே வோல்ட். வேதியியல் அளவுகளைப் புள்ளியியலால் அலசும் இந்தத் துறைக்குக் கீமோமெட்ரிக்ஸ் என்று பேர் வைத்தவரும் அவரே.

வடங்களின் எண்ணிக்கையில் பேராசை கூடாது. கூட்டிக்கொண்டே போனால் அந்த 25 மாதிரிகளுக்கும் விடை அச்சு அசலாகப் பொருந்தும், புது மாதிரியில் சொதப்பும். கருவியின் நடுக்கத்தையும் பாடம் என்று நினைத்து அது படித்துவிடுகிறது. ஒவ்வொரு மாதிரியாக ஒளித்து வைத்து, மற்ற 24ஐக் கொண்டு அதை ஊகிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் எத்தனை வடம் போதும் என்று முடிவு செய்வார்கள்.

கல்லூரியில் நான் செய்த தவறு வேறு வகை. சோம்பல்பட்டு ஒரே கலவையைப் பல அளவில் தண்ணீர் விட்டு நீர்த்து, பத்து மாதிரி செய்துவிட்டேன். பத்திலும் இரண்டு சாயமும் ஒரே விகிதம், ஒன்று கூடினால் மற்றதும் கூடும். எது எது என்று கணினி எப்படிப் பிரிக்கும்? பொருத்தம் பிரமாதமாக வந்தது, புதுக் கலவைக்கு விடை அபத்தமாக வந்தது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியும் இருக்கும்படி மாதிரிகளைத் திட்டமிட வேண்டும். அந்தத் திட்டத்தில்தான் பாதி வேலை முடிகிறது என்பேன்.

காரைக்குடி சிக்ரியை அறிந்தவர்களுக்கு மின்முலாம் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் அது. முலாம் தொட்டியின் உப்புகளுக்கும் நிறம் உண்டு: நிக்கல் பச்சை, தாமிரம் நீலம், கோபால்ட் இளஞ்சிவப்பு. மூன்றும் கலந்த தண்ணீருக்கும் இதே கணக்குத்தான்.

126 இடத்தில் பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. பஞ்சுமிட்டாயில் உணவுக்கு அனுமதியில்லாத ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது நினைவிருக்கும். அந்தச் சாயம் கேசரியில் விழுந்தால் 555 நானோமீட்டர் அருகே ஒரு மேடு எழும். நம் இரண்டு மஞ்சளும் அங்கே பெரிதாக எதையும் உறிஞ்சுவதில்லை. எவ்வளவு ரோடமின் என்று கணினியால் சொல்ல முடியாது, அதற்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் 'நான் படித்ததில் இந்த மாதிரி ஒன்று இல்லை' என்று கைதூக்கும். இரண்டு சமன்பாடு வாய்திறக்காமல் தப்பான எண்ணைக் கொடுத்திருக்கும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் இந்தக் குடும்பம்தான். 660, 940 நானோமீட்டர் என்று இரண்டே ஒளி. சிதறலும் தோலும் எலும்பும் நடுவில் இருப்பதால் சூத்திரம் மட்டும் போதாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்சிஜனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ரத்தம் எடுத்துச் சோதித்து, அந்த விடைகளோடு கருவியைப் பொருத்தினார்கள். 70 சதவீதத்துக்குக் கீழே யாரையும் கொண்டுபோக முடியாது. அதனால் அதற்குக் கீழே கருவி காட்டும் எண் வெறும் நீட்டிப்பு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண் காட்டிய நிகழ்வுகள் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு இருந்தன. பாடம் சொல்லிக்கொடுத்த விரல்களில் கறுத்த விரல்கள் எத்தனை என்ற கேள்வி அப்புறம்தான் உரக்கக் கேட்கப்பட்டது.